மலிவாக ஒரு சைலன்சர்

என் வீட்டுக்காரர் வாஜித் ஒரு சைலன்சரைக் குளிப்பாட்டியே கொன்றவர். வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, போர் மோட்டாரைப் போட்டு, ரப்பர் ட்யூப்பைப் பிடித்து வண்டியைக் கழுவ ஆரம்பித்துவிடுவார். மறுநாள் ஜும்மா தொழுகைக்கு வண்டி பளபளவென்று இருக்க வேண்டுமாம். எங்கள் பொழிச்சலூர்த் தெருவின் போர் தண்ணீர் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் விளிம்பில் வெள்ளை பூத்துவிடும். அந்தத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றாதே, முடி கொட்டும் என்று எனக்குப் புத்தி சொன்னவரும் இவர்தான். தலைக்கு ஆகாதது தகரத்துக்கு மட்டும் ஆகுமா என்று ஒரு தடவை கேட்டேன். வண்டியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று திருப்பிக் கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன்.

பதினேழு வருடத்துப் பழைய வண்டி அது. கல்யாணமான மறுவருடம் வாங்கியது. அதன் சைலன்சர் வாரா வாரம் உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து, அடிப்பக்கம் முழுக்கத் துருப்பிடித்து, விரலால் அழுத்தினாலே உதிர்கிற நிலைக்கு வந்திருந்தது. மேல்பக்கம் மட்டும் மினுங்கும். இவர் துணி போட்டுத் துடைப்பதெல்லாம் மேல்பக்கத்தைத்தான். குனிந்து அடிப்பக்கம் பார்க்கிற வழக்கம் இவருக்கு எந்த விஷயத்திலும் கிடையாது.

எனக்கு வேலை கிடைக்காத வரைக்கும் இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. இவர் சூப்பர்வைசராக இருந்த தோல் கம்பெனி மூடி இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ரியல் எஸ்டேட் பண்ணுகிறார். அதாவது, டீக்கடையில் உட்கார்ந்து அடுத்தவன் மனையைப் பற்றிப் பேசுகிறார். இதுவரை ஒரு மனைகூடக் கைமாறியதில்லை. வீட்டு மளிகையை என் அண்ணன் தௌசிப்தான் மாதா மாதம் போட்டுக்கொடுத்தார். அண்ணன் முகம் சுளிக்க மாட்டார். அண்ணி பையை நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்ள நான் பழகியிருந்தேன். நான் படியிறங்கும்போது அவள் அண்ணனிடம் என்ன சொல்வாள் என்பதும் எனக்குத் தெரியும். என் காதில் விழும்படிதான் சொல்வாள்.

அப்படி இருக்கையில்தான் படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற வழியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. கார் கதவில் வைக்கிற ரப்பர் பட்டைகளைத் தடவிப் பார்த்து, குறை உள்ளதை எடுத்துத் தனியாகப் போட வேண்டும். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருவார்கள் என்று தெரியாமல் பதினெட்டு வருடமாக அந்த வேலையைச் சும்மாவே செய்துகொண்டிருந்திருக்கிறேன். முதல் ஒரு மாதம் வைத்துப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால்தான் நிரந்தரம். கம்பெனி பஸ் பல்லாவரத்துக்குக் காலை ஆறு மணிக்கு வரும், யாருக்காகவும் நிற்காது. எங்கள் தெருவிலிருந்து அந்த நேரத்துக்கு பஸ்ஸும் இல்லை, ஷேர் ஆட்டோவும் இல்லை. நடக்கலாமென்றால் வழி முழுக்க நாய்க் கூட்டம். ஆகவே இவர் வண்டியில் கொண்டுவிடுவது என்று பேச்சு. இந்த வேலை போனால் மறுபடியும் அண்ணி நீட்டுகிற பைதான் என்பது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

முதல் வாரம் கொண்டுவிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான், இருந்தாலும் விட்டார். அடுத்த வாரம், என்னை இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில், பம்மலில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சைலன்சரின் வயிறு கழன்று ரோட்டில் விழுந்தது. மிச்சமிருந்த குழாயிலிருந்து வந்த சத்தத்தில் ஓரமாகப் படுத்திருந்த மாடுகள் எழுந்து ஓடினவாம். மறுநாள் விடியற்காலையில் வண்டியை எடுத்ததுமே பக்கத்து வீட்டு ஞானையா சார் வெளியே வந்தார். ரிட்டயரான வாத்தியார், அதிர்ந்து பேசாதவர். வீட்டம்மாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது தம்பி, கொஞ்சம் பாருங்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அவ்வளவுதான், இவருக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அண்டை வீட்டுக்காரருக்குத் தொந்தரவு கொடுப்பது நம் மார்க்கத்துக்கே ஆகாது என்று ஆரம்பித்தார். பொண்டாட்டி பிள்ளைக்குச் சோறு போடுவது யார் கடமை என்றும் அதே மார்க்கத்தில் சொல்லியிருக்கிறதே என்று வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். சைலன்சர் மாற்றுகிற வரைக்கும் ஆட்டோவில் போ, ரெண்டே நாள், இன்ஷா அல்லாஹ் என்றார். இவர் செய்வதாக இல்லாத காரியத்துக்குத்தான் எப்போதும் அல்லாஹ்வின் பெயரைச் சேர்த்துக்கொள்வார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மலிவாகப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கும் இவருக்கும் தகராறு இல்லை. எங்கள் நிலைமைக்கு வேறு எப்படிப் பார்ப்பது? ஆனால் இவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். முதலில் கம்பெனி ஷோரூமுக்குப் போய்ப் புது சைலன்சரின் விலையைக் கேட்டுவிட்டு வந்து, யாரோ இறந்துபோன மவுத்துச் செய்தியைச் சொல்கிற குரலில் சொன்னார். அது ஆகாது என்றானது. டூப்ளிகேட் ஒன்று கால் விலைக்குக் கிடைக்கும். அது ஒரு மழைக்குத் தாங்காது என்று தள்ளிவிட்டார். மழைக்குத் தாங்குமோ இல்லையோ, இவருடைய போர் தண்ணீருக்கு எதுவும் தாங்காது.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் ஒரு சபையே கூடியது. இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நடுவில் நிறுத்தியிருக்கிறார். பிரியாணிக் கடை கலீல் பாய் தலைமை. கலீல் பாய்க்கு சைக்கிள்கூட ஓட்ட வராது. ஆனாலும் குனிந்து, குழாய்க்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, வெல்டிங் வைத்தால் நிற்கும் என்று தீர்ப்புச் சொன்னாராம். இன்னொருவர், தகரம் அப்பளமாகிக் கிடக்கிறது, வெல்டிங் வைத்தால் ஓட்டை இன்னும் பெரிதாகும் என்றாராம். மூன்றாவது ஆள், எது போட்டாலும் கம்பெனி சரக்காகப் போடு, இல்லாவிட்டால் மைலேஜ் அடிவாங்கும் என்றாராம். அந்த மூன்றாவது ஆள் பஸ்ஸில் போகிறவர். எல்லோர் கருத்தையும் இவர் வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, ஒன்று விடாமல் ஒப்பித்தார். நாளைக்கு நான் எப்படி பஸ் பிடிப்பது என்பதைப் பற்றி மட்டும் அந்தச் சபையில் யாருக்கும் கருத்து இருக்கவில்லை.

சபையின் தீர்மானப்படி ஒரு பிஸ்கட் டப்பாவை வெட்டி, குழாயைச் சுற்றிப் போர்த்தி, கட்டுக்கம்பியால் இறுக்கினார். அரை நாள் வேலை. அதுவரை இவர் இவ்வளவு நேரம் உட்கார்ந்து எதையும் செய்து நான் பார்த்ததில்லை. தெருமுனை தாண்டியதும் டப்பா தெறித்துப்போய் ஒரு பூக்காரம்மாவின் கூடையில் விழுந்தது. அந்த அம்மா கொடுத்த வசவை இவர் வீட்டில் ஒப்பிக்கவில்லை. பூ வாங்கப் போனபோது அவளே என்னிடம் சொன்னாள்.

அப்புறம்தான் பல்லாவரம் சந்தைப் படலம். வெள்ளிக்கிழமை சந்தையில் கிடைக்காத பழைய சாமான் கிடையாது. ஒற்றைக் கால் செருப்புக்கும் அங்கே ஒரு விலை உண்டு. நல்ல நிலையில் உள்ள பழைய ஒரிஜினல் சைலன்சர் ஒன்று தேடிப் பிடிப்பேன், டூப்ளிகேட் விலையில் பாதிதான் கொடுப்பேன் என்று காலையிலேயே பையோடு கிளம்பினார். ஜும்மாவுக்கு பாங்கு சொல்கிற நேரத்தில் ஒரு குக்கர் மூடியோடு வந்து சேர்ந்தார். அது எங்கள் குக்கருக்குப் பொருந்தாது. அடுத்த வெள்ளி வெறுங்கையோடு வந்தார். சைலன்சரா இல்லை, மலைமலையா கீது, நம்ம மாடலுக்குத்தான் ஒண்ணும் சிக்கல என்றார். பெருமூச்சு வேறு. அந்தப் பெருமூச்சை நான் நம்பினேன். கஞ்சத்தனம் என்று திட்டினேனே தவிர, வேறு எதையும் சந்தேகப்படவில்லை.

நானோ ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். சம்பளத்தில் பாதி ஆட்டோவுக்கே போயிற்று. அதுவும் அந்த ஆட்டோக்காரர் ஒரு நாள் வருவார், ஒரு நாள் தூங்கிவிடுவார். அவர் தூங்கிய நாளெல்லாம் எனக்கு பஸ் போயிற்று. பல்லாவரத்திலிருந்து தாம்பரம், தாம்பரத்திலிருந்து படப்பை என்று டவுன் பஸ் மாறி மாறிப் போய்ச் சேரும்போது ஷிப்ட் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எங்கள் லைன் சூப்பர்வைசர் சுப்ரஜா என்னைவிடப் பத்து வயது சின்னவள், மரியாதை தெரிந்தவள். பொறுத்துப் பார்த்தாள். போன வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஃபாயிசாக்கா, உங்க கை நல்ல கை. ஆனா யார வெச்சுக்கறதுன்னு சனிக்கிழமை முடிவு பண்றாங்க. அன்னிக்கு நீங்க லேட்டா வந்தா என்னால ஒண்ணும் பேச முடியாது."

எனக்கு வார விடுமுறை வெள்ளி. ஆக, கையில் இருந்தது ஒரு நாள். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அப்படியா என்று கேட்டுவிட்டு, நாளைக்குச் சந்தையில எப்படியும் பாத்துடறேன், இன்ஷா அல்லாஹ் என்றார். வெள்ளிக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார். வண்டி வாசலில் நின்றது. இந்த மனிதரை நம்பினால் நான் அண்ணி வீட்டுப் படியில்தான் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. டூப்ளிகேட்டோ எதுவோ, இன்றைக்கே மாட்டிவிடுவது என்று கையில் இருந்ததை முடிந்துகொண்டு பம்மலுக்கு நடந்தேன். அங்கே சாலமன் என்று ஒருவர் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். எங்கள் வண்டியைக் காலகாலமாகப் பார்ப்பவர்.

சாலமன் ஒரு ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலிவாக ஒரு சைலன்சர் இன்றைக்கே மாட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கையிலிருந்த ஸ்பானரால் சுவரைக் காட்டினார். அங்கே ஆணியில் ஒரு சைலன்சர் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது உங்க வண்டிதுதான்க்கா. அண்ணன் சந்தையில வாங்கியாந்து குடுத்து ரெண்டு வாரம் ஆவுது. இன்னிக்கி மாட்லாம், நாளிக்கி மாட்லாம்னு தள்ளிகினே கீறாரு. நல்ல அயிட்டம்க்கா, ஒரிஜினல். உள்ள துரு இல்ல."

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. குக்கர் மூடி வந்த அன்றைக்கே சைலன்சரும் வந்திருக்கிறது. என்னை வேலைக்கு அனுப்ப இஷ்டமில்லாத மனிதர், சைலன்சர் வாங்காமலே இருந்திருக்கலாம். ஆனால் மலிவாக ஒன்று கண்ணில் பட்டால் இவரால் விட முடியாது. வாங்கிவிட்டார். வாங்கியதை மாட்டினால் என்னைக் கொண்டுவிட வேண்டும். அதனால் ஆணியில் தொங்கவிட்டுவிட்டு, அதற்குப் பிறகும் வெள்ளிதோறும் பையை எடுத்துக்கொண்டு அதே சைலன்சரைத் தேடச் சந்தைக்குப் போயிருக்கிறார். ஒரு ஆள் பொய் சொல்வதற்கு இவ்வளவு தூரம் அலைவதை நான் பார்த்ததில்லை. அந்த அலைச்சலை ஒரு மனை விற்பதில் காட்டியிருந்தால் நான் வேலைக்கே போயிருக்க வேண்டாம்.

சிரிப்பு அடங்கியதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று வாரம் விடியற்காலையில் தெருமுனையில் நின்று ஆட்டோ வருமா வருமா என்று ரோட்டைப் பார்த்தேன். பஸ் போன பிறகு டவுன் பஸ்ஸில் நெரிபட்டுப் போய், சின்னப் பெண்ணின் முன்னால் தலையைக் குனிந்தேன். அதில் இரண்டு வாரம் அது இங்கே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இவரைக் கஞ்சன் என்று நினைத்ததற்காக எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. கஞ்சனாவது ஒரு மாதிரி நேர்மையானவன்.

வண்டியைக் கொண்டுவந்தால் ஒரு மணி நேர வேலை என்றார் சாலமன். ஆனால் மூன்று மணிக்கு அவருக்குத் தாம்பரம் போக வேண்டியிருந்தது. நான் வீட்டுக்குத் திரும்பி சாவியை எடுத்தேன்.

ஓட்டத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். சொல்லிக்கொடுத்ததும் இவரேதான். வண்டி வாங்கிய புதிதில், ஏர்போர்ட் சுவரை ஒட்டிய காலி இடத்தில், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்ப் பொறுமையாகக் கிளட்ச் விடச் சொல்லிக்கொடுத்தார். அப்போது இவருக்குச் சம்பளம் இருந்தது, பெருந்தன்மையும் இருந்தது. பிறகு மகள் மஹீன் வயிற்றில் வந்தாள், நான் பின் சீட்டுக்குப் போய்விட்டேன். கை மறக்கவில்லை. மூன்று உதை உதைத்ததும் வண்டி பிடித்துக்கொண்டது. யா அல்லாஹ், என்ன சத்தம். ஞானையா சார் வீட்டு ஜன்னல் திறந்தது. இன்னிக்கோட சரி சார் என்று கத்தினேன். அவருக்குக் கேட்டிருக்காது.

பம்மலுக்குப் போகிற வழியில்தான் பள்ளிவாசல். தொழுகை நடக்கும்போது அந்தச் சத்தத்தோடு தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. முந்தின முனையில் வண்டியை அணைத்துவிட்டு நின்றேன். தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வர ஆரம்பித்த பிறகுதான் மறுபடி உதைத்தேன். அதில் பாதி மரியாதை. மீதி, எல்லோரும் பார்க்கட்டும் என்பதுதான். அதை நான் மறைக்கப் போவதில்லை.

எல்லோரும் பார்த்தார்கள். கூட்டத்துக்காக நான் வண்டியை மெதுவாக்க வேண்டியிருந்தது, சத்தம் இன்னும் கூடிற்று. கலீல் பாய் யாரிடமோ கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தவர், கையை அப்படியே நிறுத்திவிட்டார். சந்தையிலிருந்து நேரே தொழுகைக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர், கக்கத்தில் வெறும் பையோடு, ஒரு காலில் செருப்பும் ஒரு கால் தரையிலுமாக நின்றார். புர்காவைச் செருகிக்கொண்டு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, இவருடைய வண்டியில் போகிற பெண் யாரென்று தெருவில் ஒருத்தருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.  நான் ஆக்ஸிலேட்டரை முறுக்கித் தாண்டிப் போனேன்.

பழைய குழாயின் நட்டுகள் துருவோடு துருவாக ஒட்டிப்போயிருந்தன. சாலமன் எண்ணெய் விட்டு, தட்டி, சூடு காட்டி ஒவ்வொன்றாகக் கழற்றினார். புதிதாக வந்த பழையதை மாட்டி ஒரு உதை உதைத்தார். தையல் மிஷின் ஓடுகிற அளவுக்குத்தான் சத்தம். நான் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தபோது தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இவர் சாப்பாட்டுக்கு வரவில்லை. அஸர் தொழுகை முடிந்து, வெயில் இறங்கி, அப்புறம்தான் வந்தார். வாசலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து பார்த்தார். திட்டுவார், அல்லது மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்துக் கதவருகில் நின்றேன். இவரால் அடக்க முடியவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து, காதைச் சாய்த்துக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"சவுண்டு கேட்டியா? ஒரிஜினல். சந்தையில அவன் சொன்ன வெல இன்னா, நான் முடிச்ச வெல இன்னா தெரியுமா?"

இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பிடிபட்ட திருடன் திருடிய நகையின் எடையைச் சொல்லிப் பெருமைப்பட்ட மாதிரி இருந்தது. வாங்கினவர் ஏன் மாட்டவில்லை என்று கேட்டேன். வண்டியை அணைத்தார். 

"மாட்டினா நீ போயிடுவ" என்றார்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முதல் வாரம் என்னை விட்டுவிட்டுத் திரும்பும்போது, விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு டீக்கடையில் நிற்பவர்கள் இந்நேரத்துக்கு எங்கே போய் வருகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் சொந்தக்காரரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரே வாரத்தில் இவர் ஆறு சொந்தக்காரர்களை ஃப்ளைட் ஏற்றியிருக்கிறார். பொண்டாட்டியை வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிறான் என்று சொல்வார்களே என்று பயமாம். சொன்னால் என்ன, உள்ளதைத்தானே சொல்வார்கள்? எங்கள் அண்ணன் மளிகை போடுவது அதே டீக்கடைக்குத் தெரியாதா? அதற்கு வராத வெட்கம் இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது? பொண்டாட்டி பிச்சை வாங்கலாம், சம்பளம் வாங்கக் கூடாது. இவருடைய மானம் அந்த அளவில் தைத்த சட்டை.

இதையெல்லாம் நான் வாய்விட்டே சொன்னேன். மஹீன் உள்ளே படித்துக்கொண்டிருந்ததால் குரலை மட்டும் உயர்த்தவில்லை. இவர் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியாகச் சொல்ல நினைத்திராத ஒன்றையும் சொன்னேன்.

"எனக்கு ஓட்டத் தெரியும்னு உங்களுக்குத் தெரியாதா? சத்தம் போட்டாலும் போடலைன்னாலும் மொத நாள்லேருந்து நானே எடுத்துட்டுப் போயிருக்கலாம். உங்க பின்னாடி உக்காந்து போகணும்னு ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்."

   இவர், சோறு இருக்கா என்று கேட்டார். போட்டு வைத்தேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவாமல் எழுந்து போனார்.

சனிக்கிழமை விடியற்காலை நான் கிளம்பும்போது இவரும் எழுந்து வாசலில் நின்றார். வண்டியை எங்கே விடுவாய் என்று கேட்டார். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே பூட்டிவிட்டுப் போவேன் என்றேன். இவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ரோட்டில் சாயங்காலம் வரைக்கும் நிறுத்தினால் சைலன்சரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை அது மறுபடி சந்தையில் கிடக்கும் என்றார். கிடந்தால் மறுபடி மலிவாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

உள்ளே ஓடிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து சாவிக்குக் கையை நீட்டினார். நான் வுடறேன், வண்டியத் திருப்பி எடுத்தாந்துடறேன் என்றார். நான் சாவியைக் கொடுக்கவில்லை. பின்னாடி உட்காருங்கள், இல்லாவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும் என்றேன். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். சைலன்சரைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார்.

டீக்கடையைத் தாண்டும்போது என் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார் என்பது எனக்குத் தெரிந்தது. இவர் குனிந்து என்ன, ஆறடி ஆள், எங்கே மறைவது? கலீல் பாய் டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.  பம்மல் தாண்டியதும் தலையை நிமிர்த்தி, கிளட்ச மெதுவா வுடு என்றார். பேசாம உக்காருங்க என்றேன். உட்கார்ந்தார். பள்ளத்தில் வண்டி இறங்கியபோது என் தோளைப் பிடித்துக்கொண்டவர், ரோடு நேரானதும் கையை எடுத்துவிட்டார்.

பஸ் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். எங்கள் லைன் பெண்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். இறங்கி, சாவியை இவர் கையில் கொடுத்தேன். சாயங்காலம் எத்தனை மணிக்கு என்று கேட்பார் என்று ஒரு நிமிஷம் நின்றேன். பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தேன். சுப்ரஜா வைத்த கெடு தப்பவில்லை, வேலை எனக்குத்தான் என்று நெஞ்சு நிறைந்திருந்தது. அந்த நிறைவில் இவரையும் மன்னித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி அசைத்தேன்.

இவர் பஸ்ஸைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் யாரோ முன்பின் தெரியாத ஆள் ஒருவரை நிறுத்திவைத்து, வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சைலன்சரைத் தட்டிக் காட்டி, விரலை விரித்து விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டுப் பெண் அது யாரு அக்கா என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டுக் கையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.